தெருவுக்கே தெரிந்த கடிதம்

சனிக்கிழமை, காலை 7:40

மாடி அறைக் கட்டிலில் குடைக்காரி செத்துக் கிடந்தாள். ஒரு கை வெளியே தொங்கியது. இன்னொரு கைக்கு அடியில் ஒரு கடிதம், பக்கத்திலேயே அதன் உறை. தலைமாட்டு முக்காலியில் ஒரு பிளாஸ்க்கும், ஆறிப்போன காபியோடு அதன் மூடியும் இருந்தன. முகத்தைப் பார்த்த ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போரில் செத்தவர்களின் பெயர்களைத் தினமும் பேப்பரில் படித்துப் பழகிய மனிதர்தான். ஆனாலும் இருபத்தாறு வயசுப் பெண் தன் கட்டிலிலேயே இப்படிக் கிடப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

அவள் வேலை பார்த்தது பாராசூட் தைக்கிற தொழிற்சாலையில். அதனால்தான் தெருவில் அவளுக்குக் குடைக்காரி என்று பெயர். கல்யாணமாகி எட்டாம் மாதம் புருஷனைப் போருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர்தான். மாடியில் இவள், கீழே புருஷனின் அண்ணன்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகப் படியேறி வந்தார். அவருக்கு ஸ்டேஷனில் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. தீப்பிடித்த வீட்டுக்குப் போனாலும் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு போகிற ஆள் என்பதால் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும். கோபப்பட்டதில்லை, அதற்கும் நேரம் எடுத்துக்கொள்வார்.

போலீஸ் டாக்டர் பிளாஸ்க்கை முகர்ந்துவிட்டு எலி மருந்து என்றார். இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள் குடித்திருக்க வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் கடிதத்தை எடுத்துப் படித்தார். புருஷன் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தான். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இனி நான் யாருக்கும் உதவாதவன். உனக்கு வயது இருக்கிறது, வேறு வாழ்க்கையைப் பார்த்துக்கொள். எனக்கு எழுதாதே. நானும் இனி எழுத மாட்டேன்.

"வேறென்ன வேணும் சார், காரணம் கையிலேயே இருக்கே" என்றார் ஏட்டு. ஸ்டேஷனில் பாதிப் பேர் போர்முனைக்குப் போயாகிவிட்டது. தற்கொலை என்று எழுதி முடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம்.

இன்ஸ்பெக்டர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பாய்கள் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும். ராணுவத்தில் படித்துப் பார்த்து, அவர்களே ஒட்டி, மடிப்பின் மேல் ஒரு வட்ட முத்திரை குத்துவார்கள். பாதி முத்திரை மடிப்பில், பாதி உறையில் விழும். உறையின் மேல் ஓரம் கத்தியால் கீறப்பட்டிருந்தது, கடிதம் அந்த வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. மடிப்பு ஒட்டியபடியே இருந்தது. ஆனால் முத்திரையின் மை கலங்கியிருந்தது, வட்டத்தின் இரண்டு பாதிகளும் ஒரு நூல் அளவு விலகி நின்றன.

காலை 8:30

கீழே கூடத்தில் அண்ணன்காரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் உதவியாள். ராத்திரி டியூட்டி. மரியாதை தெரிந்தவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். இன்ஸ்பெக்டருக்கு அப்படிப்பட்ட ஆட்களிடம் கொஞ்சம் ஒவ்வாமை உண்டு.

"கடுதாசி எப்ப வந்தது?"

"திங்கக்கிழமை சார். தபால்காரர் என் கையிலதான் குடுத்தார். சாயந்தரம் அவ வேலை விட்டு வந்ததும் குடுத்தேன்."

"படிச்சாளா?"

"அன்னைக்கு ராத்திரியே. நான் டியூட்டிக்குக் கிளம்பறப்போ மாடிக் கதவு திறந்திருந்தது. கையில கடுதாசியோட உக்காந்திருந்தா, பார்த்தேன்."

"அழுதாளா?"

"...அழுதா. சத்தம் வராம."

"உங்ககிட்ட என்ன சொன்னா?"

"தம்பிக்குக் கால் போயிடுச்சுன்னு சொன்னா. அதோட சரி. நாலு நாளா யார்கிட்டயும் பேச்சே இல்லை."

மீதியை அவனே கோர்வையாகச் சொன்னான். தினமும் தான் கிளம்பும் முன்னால் காபி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைப்பானாம், அவள் அதை மாடிக்கு எடுத்துப்போய்க் குடிப்பாளாம். எலி மருந்து சமையலறை அலமாரியில் எப்போதும் இருந்ததுதானாம். காலை ஆறரைக்கு வீடு திரும்பி மாடிக் கதவைத் தட்டினானாம். பதில் இல்லை. பெண்பிள்ளை இருக்கிற அறைக்குள் தனியாக நுழையக் கூடாதென்று பால்கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு வந்தானாம். கதவில் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லையாம்.

"ஸ்டேஷனுக்கு ஆள் வந்தது ஏழேகாலுக்கு. அதுவரைக்கும் எங்க இருந்தீங்க?"

"தந்தி ஆபீஸ்ல சார். தம்பிக்குத் தெரியணுமில்ல."

"என்னன்னு குடுத்தீங்க?"

"உன் கடிதம் படித்தாள். விஷம் குடித்துவிட்டாள். அவ்வளவுதான். நீளமா குடுக்கற நிலைமையில நான் இல்லை."

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். காலை இழந்து படுத்திருக்கிற தம்பிக்கு, நீதான் அவளைக் கொன்றாய் என்று ஐந்து வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கிறான் கூடப் பிறந்தவன். வெகுளித்தனமா, வேறு ஏதாவதா என்று அவருக்குச் சட்டென்று புரியவில்லை.

"நீங்க போருக்குப் போகலையா?" என்று பேச்சை மாற்றினார்.

எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள் என்பது போலச் சிரித்தபடி அவன் தன் அறைக்குப் போய் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தான். உள்ளே எக்ஸ்ரே படம். ஓரத்தில் அவன் பெயர், தேதி. இன்ஸ்பெக்டர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நுரையீரலில் காசு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. வலது பக்கக் காறை எலும்பு எப்போதோ முறிந்து, கோணலாகச் சேர்ந்து, முண்டு கட்டியிருந்தது. ரோட்டில் நிறுத்தி விசாரிக்கிறவர்களுக்குக் காட்ட இதை வீட்டிலேயே வைத்திருப்பதாகச் சொன்னான். நெஞ்சு சரியில்லாதவனை ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் பரிசோதித்து, தம்பியை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம்.

இன்ஸ்பெக்டர் எலி மருந்தைத் தேடிச் சமையலறைக்குப் போனார். டப்பா அலமாரியில் இருந்தது. கூடவே வேறொன்றும் கண்ணில் பட்டது. சர்க்கரைக்கு இரண்டு டப்பா. ஒன்று நிறைய இருந்தது, இன்னொன்றின் அடியில் ஒரு பிடி மட்டும். மாவும் அப்படியே, உப்பும் அப்படியே. தொட்டி மேட்டில் பிரிக்காத புதுச் சோப்பு ஒன்று, பக்கத்தில் நகம் போலத் தேய்ந்துபோன பழைய துண்டு. ரேஷனுக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் இப்படிக் கூடவா மிச்சம் வைப்பார்கள் என்று ஏட்டு அலுத்துக்கொண்டார்.

பால்கடைக்காரம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. குடைக்காரிக்குத் தெருவில் நெருக்கமானவள் அவள்தான்.

"செவ்வாக்கிழமையே எங்க எல்லாருக்கும் தெரியும் சார், அவ புருஷனுக்குக் கால் போனது. அவங்க மூத்தவர்தான் கடைக்கு வந்து சொன்னார். அவகிட்ட யாரும் இதைப் பத்தி வாயே திறக்காதீங்க, பேச்செடுத்தா உடைஞ்சு போயிடுவான்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டார்."

"அவ எப்படி இருந்தா?"

"எப்பவும் போலத்தான் இருந்தா. உள்ளுக்குள்ள எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்திருக்கணும் பாருங்க. நாங்களும் எங்களால ஆனதைப் பண்ணினோம். நான் பாலுக்குக் காசு வாங்கலை."

ஞாயிற்றுக்கிழமை, பகல் 11:00

குடைக்காரியின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த கடிதக்கட்டு இன்ஸ்பெக்டரின் மேஜையில் இருந்தது. ஒன்றரை வருஷத்துக் கடிதங்கள். ஒவ்வோர் உறையும் மேல் ஓரத்தில் கத்தியால் நறுக்கென்று கீறப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் முத்திரை வட்டம் கலையாமல் முழுசாக இருந்தது. கடைசி உறையை அவற்றின் பக்கத்தில் வைத்தார். அதிலும் மேல் ஓரம் கீறல்தான். ஆனால் முத்திரை விலகியிருந்தது. ஒரு தடவை ஆவி காட்டி மடிப்பைத் திறந்து ஒட்டியிருக்கிறார்கள், இன்னொரு தடவை கத்தியால் கீறியிருக்கிறார்கள். ஒரே கடிதத்தை யாராவது இரண்டு தடவை திறப்பார்களா?

அடுத்தவர் குடும்பக் கடிதங்களைப் படிக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்று விடாமல் படித்தார். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. கால் உறை கிழிந்தது, இருமல் விடவே இல்லை, முகாம் டாக்டர் புகையை நிறுத்தச் சொல்கிறார், நான் எப்போது பிடித்தேன் நிறுத்துவதற்கு. துப்பாக்கியைத் தோளில் வைத்தால் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து முறிந்த இடம் குத்துகிறது, நீ தடவிப் பார்த்துச் சிரிப்பாயே அந்த முண்டு. கடைசிக்கு முந்திய கடிதம் முழுக்கப் பல்வலிப் புராணம். கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் ஆகிவிட்டதாம். அதில் ஒரு வரியை இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். 'நீ இதைப் பிரிப்பதற்குள் எனக்கு வலி போயிருக்கும், கவலைப்பட உனக்கு வாய்ப்பே இல்லை.' தபால் தாமதத்தைக் கிண்டல் செய்கிறான் என்று எண்ணிக்கொண்டு அடுத்ததைப் புரட்டினார்.

அவர் வீட்டிலும் ஒரு பையன் போர்முனையில் இருந்தான். அவன் கடிதம் வந்தால் அவர் மனைவி வாசலில் நின்றபடியே கிழித்துவிடுவாள், சமயத்தில் உறையோடு கடிதமும் கிழியும்.

மத்தியானம் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குச் செய்தி வந்தது. தந்தியைப் படித்ததிலிருந்து அந்தச் சிப்பாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மருந்தைத் தள்ளிவிடுகிறான். புண் ஆறுகிற நேரம், இப்படியே போனால் தாங்க மாட்டான். தந்தியில் இருப்பது உண்மைதானா என்று டாக்டர் கேட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இதுவரை அவருக்கு இது ஒரு வழக்கு. இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. தற்கொலை என்று அவர் கையெழுத்துப் போட்டால் அந்தப் பையனை முடித்துவிடுகிற கையெழுத்தும் அதுதான். முத்திரை விலகியதை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? விசாரணை நடக்கிறது, முடிவாகவில்லை என்று மட்டும் பதில் அனுப்பினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை, காலை 9:15

தையல் கூடத்தில் வெள்ளைப் பட்டு மலை மலையாகக் குவிந்து கிடந்தது. இயந்திரச் சத்தத்தில் மேற்பார்வையாளரம்மா காதருகே வந்துதான் பேச முடிந்தது. நாலு நாளாக அவள் யாரோடும் பேசவில்லையாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவளா பேசலை? வாயை மூடிட்டுத் தையடின்னு வியாழக்கிழமைகூட ரெண்டு தடவை கத்தினேன் சார். அதுதான் நான் அவகிட்ட கடைசியா பேசினது."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குடைக்காரியின் இயந்திரத்து இழுப்பறையைத் திறந்து காட்டினாள். நூல்கண்டுகளுக்கு அடியில் பாதி எழுதிய கடிதம் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவாளாம். தலைப்பில் வெள்ளிக்கிழமைத் தேதி, அவள் செத்த நாள்.

இன்ஸ்பெக்டர் நின்றபடியே படித்தார்.

'பல்லைப் பிடுங்கிவிட்டார்களா? எந்தப் பக்கம் என்று மறக்காமல் எழுதுங்கள். கனவில் வரும்போது உங்களைச் சரியான பல்லோடு பார்க்க வேண்டும்.

நம் தெருவுக்கு என்னவோ ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரேயடியாகப் பிரியமாக இருக்கிறார்கள். பால்கடை அக்கா காசு வாங்க மாட்டேன் என்கிறாள். ரேஷன் வரிசையில் எனக்கு வழி விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் என்ன நல்லது செய்தேன் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

போன வாரம் உங்கள் அண்ணன் அறையைப் பெருக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். கடிதத்தில் வேண்டாம், நடுவில் படிக்கிறவர்கள் படிப்பார்கள். அவரிடமே கேட்டுவிட்டேன். சனிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாம் விளக்குகிறேன், அதுவரை யாரிடமும் சொல்லாதே என்றார். நான் நினைப்பது சரியாக இருந்தால் உங்களை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். மாடிப்படியை நீங்கள் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வருகிற'

அதோடு நின்றிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் காலியாயிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். புருஷனுக்குக் கால் போனதைத் திங்கட்கிழமையே படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை இப்படி எழுதுகிற பெண் உலகத்தில் இருக்க மாட்டாள். இவளுக்குத் தெரியவே தெரியாது. திங்கட்கிழமை ராத்திரி அவள் கையில் கடிதம் இருந்ததாக அண்ணன்காரன் சொல்கிறானே, அது பொய்யா? பல்வலிக் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறாள். ஏன்?

பால்கடைக்கு நேரே போனார். சமையலறையில் பார்த்த இரட்டை டப்பாக்களைப் பற்றி அந்த அம்மாளிடம் கேட்டார். அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"அது அவ பழக்கம் சார். எதையும் அடியோட காலி பண்ண மாட்டா. அடுத்தது கைக்கு வந்தப்புறம்தான் மிச்சத்தைத் தொடுவா. வீட்டுல எதுவும் தீர்ந்துபோச்சுன்னு இருக்கக் கூடாதாம். சோப்புலகூட அப்படித்தான்."

"கடுதாசியிலயும் அப்படியாம்மா?"

அந்த அம்மா தனக்குத் தெரியாது என்றாள். ஆனால் போன மாதம் கடிதம் வந்த அன்றைக்கு, இன்றைக்குப் பழையதைப் படிக்கலாம் அக்கா என்று குதித்துக்கொண்டு போனாளாம். ஏதோ உளறுகிறாள் என்று தான் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம்.

மாலை 5:00

கூடத்தில் அண்ணன்காரன், பால்கடைக்காரம்மா, ஏட்டு. வாசலில் ஒரு கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சட்டையைக் கழட்டுப்பா."

"சார்?"

"வலது தோளைக் காட்டு."

அவன் அசையவில்லை. ஏட்டுதான் பொத்தான்களைக் கழற்றினார். காறை எலும்பு குழந்தைக்கு இருப்பதுபோல நேராக, வழவழப்பாக இருந்தது. இன்ஸ்பெக்டர் எக்ஸ்ரே படத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

இந்த எலும்பு உன் தம்பியோடது, இந்த நெஞ்சும் உன் தம்பியோடது என்றார். இரண்டு பேரையும் ஒரே நாளில் பரிசோதித்தார்கள். படங்கள் கழுவி வந்தது இவன் வேலை பார்க்கிற அறையில். பெயரை மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நோயாளித் தம்பி போர்முனைக்குப் போனான், எருமை மாதிரி இருக்கிற அண்ணன் காபி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தான். தினமும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தம்பியின் நெஞ்சைக் காட்டிப் பிழைத்தான். அறையைப் பெருக்க வந்தவள் படத்தைப் பார்த்தாள். டாக்டருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. அவள் கைபட்ட எலும்பு அது.

"இதுக்கும் அவ செத்ததுக்கும் என்ன சார் சம்பந்தம்? கடுதாசியைப் படிச்சிட்டுத்தானே..."

"அதுக்குத்தான் வரேன்."

அவள் கேள்வி கேட்டதிலிருந்து இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. தம்பிக்கு எழுதிவிட்டாளோ, அவனிடமிருந்து என்ன பதில் வருமோ என்று தவித்தவன் கையில்தான் திங்கட்கிழமை தபால்காரர் கடிதத்தைக் கொடுத்தார். ஆவி காட்டித் திறந்தான். எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவனுக்கு அதைவிட நல்ல செய்தி இருந்தது. இப்படி ஒரு கடிதத்தைப் படித்த பெண் செத்துப்போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். திரும்ப ஒட்டி அவளிடம் கொடுத்தான். மறுநாளே தெருவெல்லாம் போய்ச் சொன்னான், அவளிடம் பேசாதீர்கள் என்று வாயையும் கட்டினான். வெள்ளிக்கிழமை பிளாஸ்க் காபியில் எலி மருந்தைக் கலந்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனான்.

"நாலு நாள், தெரு முழுக்க அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கு. ஏன்னு தெரியாத ஒரே ஆள் அவதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "அவ புருஷனோட கடுதாசியில என்ன இருக்குன்னு செவ்வாக்கிழமை இந்த ஊர்ல ஒருத்தனுக்குத்தான் தெரியும். நீ பார்த்தது நிஜம், அவ கையில கடுதாசி இருந்தது. ஆனா அது பல்வலிக் கடுதாசி. புதுசு வந்தா பழசைப் பிரிப்பா. புதுசை அடுத்தது வர்ற வரைக்கும் தொட மாட்டா. படிக்காத கடுதாசி ஒண்ணு எப்பவும் கையில இருக்கணும் அவளுக்கு."

பால்கடைக்காரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். காசு வாங்காமல் கொடுத்த பாலை நினைத்திருப்பாள்.

"சனிக்கிழமை விடிகாலையில கட்டில் பக்கத்துல போய்த் தேடினியே, உறை ஒட்டினபடியே கிடைச்சதும் நீயே கத்தியால கீறி அவ கைக்கு அடியில வெச்ச, இல்லையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன்காரன் பொத்தான் போடாத சட்டையை இழுத்து மூடிக்கொண்டான்.

"நாலு நாளா யார் சார் படிக்காம வெச்சிருப்பா?" என்றான்.

ஏட்டு பேனாவைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2:20

ராணுவ ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டில். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தான், உதடு வெடித்திருந்தது. போலீஸ் உடையைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றான், முடியவில்லை. தந்தியில் இருந்தது பொய் என்று இன்ஸ்பெக்டர் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். அவர் வாழ்க்கையில் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் பெயர் வந்தபோதும் பையன் முகம் மாறவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"அவ பிரிக்கவே இல்லையா ஐயா?"

"இல்லப்பா. கால் போனதும் தெரியாது, நீ வேண்டாம்னு எழுதினதும் தெரியாது."

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"பிரிக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் எழுதினேன். அடுத்தது எழுதாம விட்டுடலாம்னு இருந்தேன். நான் எழுதாத வரைக்கும் அவ அதைப் படிக்க மாட்டா. சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சுன்னு நினைச்சேன். தந்தி வந்ததும், ஒரே ஒரு தடவை பொறுக்க முடியாம பிரிச்சிட்டாளேன்னு..." இருமல் வந்தது, இருமலோடு அழுகையும் வந்தது. மூன்று நாளாக அழாதவன் என்று நர்ஸ் பின்னால் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் உள்பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். கொடுப்பதா வேண்டாமா என்று ரயில் முழுக்க யோசித்து வந்திருந்தார். மாடிப்படி வரியை அவராலேயே இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. ஆனால் அது அவருடைய கடிதம் இல்லை. எடுத்து நீட்டினார், இது அவள் வெள்ளிக்கிழமை எழுதியது, முடிக்கவில்லை என்றார்.

பையன் வாங்கி, மடிப்பின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். தலையணைக்கு அடியில்தான் வைக்கப்போகிறான் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார்.

"இனிமே வர்றதுக்கு ஒண்ணும் இல்லையே ஐயா" என்று சொல்லிவிட்டு, அவன் அதைப் பிரித்தான்.

மெதுவாகப் படித்தான். பல்லைப் பற்றிய இடத்தில் சிரித்தான், நாக்கால் கடைவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கடைசி வரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். வாக்கியம் முடியாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அதற்குப் பிறகும் ஏதாவது இருக்குமோ என்று தாளைத் திருப்பியும் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

நர்ஸ் தண்ணீர்த் தம்ளரோடு வந்து நின்றாள். இந்த முறை அவன் வாங்கிக் குடித்தான். அதைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் தாழ்வாரத்துக்கு வந்து, யாரும் இல்லாத பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.